ஐம்பது ஹேட்ஸ்: கரண்டைப் பற்றி நாங்கள் விடும் பிழைகள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியது. இலங்கை முழுக்க இருண்டது. குரங்கைப் பகிடி பண்ணி அந்தக் கதையை முடித்துவிட்டோம். முதல் பிழை அதுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு. நல்ல வெயில், கூரைச் சோலர்கள் முழு மூச்சாக ஓடின. சுழலும் பெரிய இயந்திரங்கள் கொஞ்சம்தான் இணைப்பில் இருந்தன. குரங்கு தட்டிவிட்டது உண்மை. ஆனால் ஒரு தட்டுக்கு விழுகிற நிலையில்தான் கிறிட், அதாவது நாட்டை இணைக்கும் மின்வலை, அப்போது நின்றது.

பின்னேரம் பல்ப் மங்கினால் ‘ஹேட்ஸ் குறைவு’ என்று சிலர் சொல்வதுண்டு. இல்லை, அது வோல்ற்றேஜ். உங்கள் ஒழுங்கையின் கம்பியும் ட்ரான்ஸ்போமரும் படும் பாடு அது, பக்கத்து ஊரில் வேறாக இருக்கலாம். ஹேட்ஸ் என்பது அதிர்வெண், கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு. அது அப்படியல்ல. ஒரே கிறிட்டில் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை ஒன்றுதான். உற்பத்தியும் பாவனையும் அந்தக் கணத்தில் சமமா என்பதை அது காட்டும்.

ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாராவது இடையில் கேத்திலைச் சொருகினால் எஞ்சின் முனகும், வேகம் விழும். அந்த முனகல்தான் அதிர்வெண் இறங்குவது. சுன்னாகத்து டீசல் இயந்திரங்கள் மட்டும் யாழ் குடாநாட்டைச் சுமந்த காலத்தில் எங்கள் கிறிட்டும் ஏறக்குறைய அப்படித்தான், சின்னது. இப்போது தேசிய கிறிட்டோடு இணைந்திருக்கிறோம். ஆனால் தீவின் கிறிட்டுக்கும் இந்தியாவோடு இணைப்பில்லை, சாய்ந்துகொள்ள அயல் கிடையாது.

சோலர் கூடினால் கரண்ட் கட் வராது என்பது அடுத்த பிழை. கனமான சுழலி ஒன்றை உடனே நிறுத்த முடியாது. அதன் உருட்டு வேகம் சில விநாடி அவகாசம் தரும். சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர், சாதாரண இன்வேட்டரில் உருளுவதற்கு ஒன்றுமில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தும்படி மின்சார சபை கேட்டது இதனால்தான். காசு போட்டவருக்குக் கோபம் வருவது நியாயம், ஆனால் கேட்டதிலும் காரணம் இருந்தது.

கரண்ட் போனாலும் தன் வீட்டுச் சோலர் எரியும் என்று நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பற்றறி இல்லாத சாதாரண இணைப்பு எரியாது. கம்பத்தில் வேலை செய்பவருக்குச் சொக் அடிக்கக் கூடாதே! கரண்ட் வந்த பிறகும் இன்வேட்டர் சில நிமிடம் காத்திருந்துதான் தொடங்கும். அதற்குள் பிரேக்கரைத் தட்டித் தட்டி விளையாட வேண்டாம்.

நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாற் இயந்திரங்கள் மூன்று. ஒன்று திடீரென நின்றால் அந்த இடைவெளியை பெரும்பாலும் விக்டோரியா போன்ற நீர்மின் நிலையங்கள்தான் விரைவாக நிரப்பும். அவற்றை முழுக் கொள்ளளவில் ஓட்டாமல் கொஞ்சம் கையிருப்பு வைப்பார்கள். இதை வீண் என்று சொல்பவர், ஊர்ச் சிக்கனக் கடன் சங்கத்தில் ஒரு வருடம் பொருளாளராக இருந்து பார்க்கட்டும். சேமிப்பு முழுவதையும் கடனாகக் கொடுத்தால் கணக்கறிக்கை அழகாயிருக்கும். மழையில் வெங்காயம் அழுகிய மாதத்தில் தவணை கட்ட ஆள் வராது, சேமிப்பை எடுக்க மட்டும் வரிசை நிற்கும். சும்மா கிடக்கும் காசுக்கும் செலவுண்டு. அதை வட்டியில் கணக்குப் பார்க்காத சங்கம் மெல்ல மெல்ல முதலைத் தின்னும். கையிருப்பின் செலவைக் கட்டணத்தில் சேர்க்காத மின்துறைக்கும் அதே கதிதான்.

சரி, வீட்டு ஜெனரேற்றருக்கு வருவோம். இங்கேதான் காசு நட்டமாவது. வெளிச்சம் காணாதென்று காதால் கேட்டுக் கேட்டு வேக ஸ்க்றூவைத் திருகுவார்கள். இன்வேட்டர் வகை அல்லாத சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 50 ஹேட்ஸ் தருபவை. வேகம் குறைந்தாலும் வோல்ற்றேஜை 230இல் பிடித்து வைக்கும் கருவி சிலவற்றில் உண்டு. மீற்றரில் எல்லாம் சரியாகத் தெரியும், ஃபிரிட்ஜ் மோட்டர் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும். ஹேட்ஸ் காட்டும் மீற்றர் ஒன்றைச் சொருகி, சுமை இல்லாதபோது 52 அளவில் வையுங்கள். அப்புறம் வழக்கமாகப் போடும் சாமான்களைப் போட்டு, 50க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 48க்கும் கீழே போனால் ஸ்க்றூவில் கை வைக்காதீர்கள், ஒரு சாமானைக் கழற்றுங்கள்.