தங்க நானோதுகள் ஒட்டிய கண்ணாடித் துண்டு: புரதத்தை ஒளியால் கண்டுபிடிக்கும் சென்சார் செய்முறை

ஒரு மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, 10 மில்லிகிராம் தங்க உப்பு, கல்லூரி லேபில் இருக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். இவை இருந்தால், ஒரு புரதம் வந்து ஒட்டுவதை எந்தச் சாயமும் கலக்காமல் அளந்துவிடலாம். டியூக் பல்கலைக்கழகத்தில் நாத், சில்கோட்டி இருவரும் 2002-ல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம்தான் இது. பழகுவதற்கு பயோட்டின் (ஒரு வைட்டமின்)–ஸ்டிரெப்டாவிடின் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒட்டினால் எளிதில் பிரியாது என்பதால், ரிசல்ட் வரவில்லை என்றால் தப்பு சென்சாரில்தான் என்று தெரிந்துவிடும்.

முதலில் தத்துவம். 40 நானோமீட்டர் தங்க உருண்டையில் ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான்கள் கூட்டாக ஆடுகின்றன. 530 நா.மீ. அருகில் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும்; அந்த அலைநீளத்தைத் துகள் பலமாக உறிஞ்சும். இந்த உச்சம் எங்கே நிற்கும் என்பது துகளைச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. தண்ணீருக்கு அது 1.333; புரதப் படலத்துக்கு ஏறக்குறைய 1.45. புரதம் வந்து உட்கார்ந்தால் உச்சம் சிவப்புப் பக்கமாக ஓரிரு நா.மீ. நகரும். ஆனால் தங்கத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. உப்பு மாறினாலும், அழுக்கு ஒட்டினாலும், வேறு புரதம் வந்தாலும் அதே மாதிரிதான் நகரும். அதனால் இந்த வேலையில் பாதி, ஒப்பீட்டுத் துண்டுகளைச் சரியாகத் தயாரிப்பதுதான்.

படி 1: தங்கக் கரைசல்

குளோரோஆரிக் அமில உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; ஸ்டீல் கரண்டியை அரிக்கும். மில்லிகிராம் கணக்கில் எடை போட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 1 கிராம் புட்டியை அப்படியே 100 மி.லி. மில்லிக்யூ (மிகத் தூய்மையாக்கிய) தண்ணீரில் கரைத்து, 1% ஸ்டாக்காக பழுப்புப் புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கூம்புக் குடுவையையும் மேக்னட்டையும் ராஜதிராவகத்தில் (3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 பங்கு நைட்ரிக் அமிலம்) கழுவி, பிறகு தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். இதை ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும் செய்யுங்கள். மிச்சத்தை மூடிய புட்டியில் வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். பயமாக இருந்தால் புதுக் குடுவை வாங்கிவிடுங்கள். செலவு அதிகமானாலும் நிம்மதி.

99 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. ஸ்டாக் சேர்த்து, வாட்ச் கிளாஸால் மூடி, கலக்கியபடியே நன்றாகக் கொதிக்க விடுங்கள். அன்றன்று கரைத்த 1% டிரைசோடியம் சிட்ரேட் 1 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். வெளிர் மஞ்சள் மறைந்து, கருநீலமாகி, ஊதாவாகி, கடைசியில் சிவப்புக்கு வரும். 20 நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்கியபடியே ஆற விடுங்கள். ஃப்ரென்ஸ் 1973-ல் தந்த கணக்குப்படி இந்த அளவுக்கு ஏறத்தாழ 40 நா.மீ. துகள் கிடைக்கும். சிட்ரேட்டை இரட்டிப்பாக்கினால் துகள் 16 நா.மீ.க்குச் சுருங்கிவிடும், அது அழகான சிவப்பு, ஆனால் உச்சம் நகர்வது குறைவு.

உச்சம் 526–532 நா.மீ.க்குள் இருக்க வேண்டும். 600-க்கு மேல் நீண்ட வால் தெரிந்தாலோ, கரைசல் ஊதாவாகவே நின்றுவிட்டாலோ கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் குடுவை அழுக்குதான் காரணம். மிச்சமான தங்கத்தைத் தனிக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.

படி 2: கண்ணாடியில் ஒட்டுவது

ஸ்லைடை 9 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டுங்கள், 10 மி.மீ. குவெட்டுக்குள் (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைக்கும் சதுரக் குப்பி) நிற்கும். ஒரு மூலையில் வைரப் பேனாவால் கீறல் போட்டு வைத்தால் எந்தப் பக்கம் முன்னால் என்று குழம்பாது. சோப்பு, தண்ணீர், எத்தனால் என்று கழுவி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 30 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் சுத்தம். பிரானா கரைசல் (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) ஆரம்பத்தில் வேண்டாம்.

தண்ணீரைக் காற்றால் ஊதி உலர்த்தி, எத்தனாலில் 2% ஏப்டெஸ் (கண்ணாடியில் அமீன் குழுக்களைப் பதிக்கும் சிலேன், APTES) கரைசலில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு மூன்று முறை புது எத்தனாலில் அலசி, 110 டிகிரி அவனில் 30 நிமிடம். பழைய ஏப்டெஸ் புட்டியில் ஈரம் ஏறியிருந்தால் கரைசல் கலங்கும், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். அதில் தங்கமும் திட்டுத் திட்டாகத்தான் ஒட்டும்.

அடுத்து, ஒரே ஒரு துண்டைத் தவிர மற்றதெல்லாம் தங்கக் கரைசலில் இரவு முழுக்க ஊறட்டும். ஏப்டெஸின் அமீன் நேர் மின்னூட்டம், சிட்ரேட் போர்த்திய தங்கம் எதிர் மின்னூட்டம், தானாகவே இழுத்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் பஃபர் (உப்பு கலந்த கரைசல்) ஒரு சொட்டு விழுந்தாலும் உப்பு துகள்களைக் கட்டியாக்கிவிடும். காலையில் துண்டு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். தண்ணீரில் மட்டும் அலசி, தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். காய விட்டால், ஆவியாகும் நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்து நெருக்கிவிடும், ரோஜா நீலமாகும், அது திரும்பி வராது.

படி 3: துண்டைச் சோதிப்பது

தங்கத்தில் ஊறாத அந்த ஏப்டெஸ் துண்டுதான் பிளாங்க், அதாவது கருவியைப் பூஜ்யமாக்கும் ஒப்பீடு. 450 முதல் 700 நா.மீ. வரை, 0.5 நா.மீ. இடைவெளியில் மெதுவாக ஸ்கேன் செய்யுங்கள். உச்ச உறிஞ்சல் 0.05-க்குக் கீழே இருந்தால் தங்கம் போதாது, துண்டை மறுபடி ஊறப்போடுங்கள்.

உச்சத்தைக் கருவி காட்டும் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் தேடுவது 1 நா.மீ. நகர்வு, கருவியின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். உச்சத்துக்கு இருபுறமும் 25 நா.மீ. அளவுக்கான தரவை எக்செலில் போட்டு, நான்காம் படி பல்லுறுப்புக்கோவை பொருத்தி, அதன் உச்சத்தை எடுங்கள்.

20%, 40% எடை விகித கிளிசரால் நீரில் (1.357, 1.384) அளந்து பாருங்கள். 40%-ல் 2 முதல் 4 நா.மீ. நகர்ந்தால் துண்டு தேறிவிட்டது. நன்றாக அலசிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: அளவீடு

மூன்று துண்டுகள் வேண்டும். அளவீடு முடியும்வரை துண்டைக் குவெட்டிலிருந்து எடுக்கவே கூடாது. திரவத்தை மட்டும் பைப்பட்டால் மாற்றுங்கள். எடுத்து வைத்தால் ஒளி வேறு இடத்தில் படும், அதுவே பொய் நகர்வைக் காட்டும்.

முதலில் பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்பு பஃபர்) ஊற்றி, அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன் 0.2 நா.மீ.க்குள் ஒத்துப்போகும்வரை காத்திருங்கள். முதல் அரை மணி நேரம் உச்சம் தானாகவே கொஞ்சம் நகரும். பிறகு முதல் துண்டுக்கும் மூன்றாவதுக்கும் பயோட்டின் கோத்த பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமின்), இரண்டாவதுக்கு வெறும் பி.எஸ்.ஏ.; எல்லாம் மி.லி.க்கு 0.1 மி.கி., 1 மணி நேரம். அலசிவிட்டு, மூன்றுக்குமே வெறும் பி.எஸ்.ஏ. 1 மி.கி./மி.லி., 30 நிமிடம். துகள்களுக்கு நடுவே உள்ள வெற்று ஏப்டெஸ் பரப்பும் புரதத்தை இழுக்கும். அங்கே ஒட்டுவது சிக்னல் தராது, ஆனால் நீங்கள் தேடும் புரதத்தைத் தின்றுவிடும். அதை அடைக்கத்தான் இந்தப் படி. பி.பி.எஸ்.-ல் அலசி ஸ்கேன் எடுங்கள். இதுவே தொடக்கப் புள்ளி.

இப்போது முதல் இரண்டுக்கும் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் ஸ்டிரெப்டாவிடின், 1 மணி நேரம். மூன்றாவதுக்கு அதே ஸ்டிரெப்டாவிடின், ஆனால் மி.லி.க்கு 0.1 மி.கி. தனி பயோட்டினோடு 15 நிமிடம் முன்பே கலந்தது. அதன் நான்கு பிடிகளும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அலசி, பி.பி.எஸ்.-லேயே மறுபடி ஸ்கேன். புரதக் கரைசலுக்குள் அளந்த எண்ணையும் பி.பி.எஸ்.-ல் அளந்த எண்ணையும் ஒப்பிடாதீர்கள்.

முதல் துண்டு மட்டும் நகர்ந்தால் நீங்கள் பார்த்தது பயோட்டின் பிடிப்பு. மூன்றும் சமமாக நகர்ந்தால் வெறும் ஒட்டல். அடைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், பஃபரில் 0.05% ட்வீன்-20 (ஒட்டலைக் குறைக்கும் மென்மையான சோப்பு) சேருங்கள். எதுவுமே நகராவிட்டால் முதலில் பயோட்டின் பி.எஸ்.ஏ. ஏறியபோது நகர்ந்ததா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தங்கத்தின் மேல் வேறு ஏதோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. உச்சம் நகராமல் உறிஞ்சல் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் துகள்கள் கழன்று போகின்றன. ஏப்டெஸ் படியை மறுபடி செய்ய வேண்டும்.

ஆன்டிபாடிக்கு மாற நினைத்தால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். இந்தத் துகளின் புலம் பரப்பிலிருந்து 10–20 நா.மீ. வரைதான் எட்டும், முழு ஆன்டிபாடியே 10 நா.மீ.க்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதன் நுனியில் பிடிபடும் புரதம் தரும் நகர்வு சிறிதாகத்தான் இருக்கும். குட்டையான ஃபேப் துண்டு (ஆன்டிபாடியின் பிடிக்கும் கை மட்டும்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். குளுக்கோஸ் மாதிரியான சின்ன மூலக்கூறுகளை இந்தத் துண்டில் நேரடியாகத் தேட வேண்டாம்.