படர்தாமரைச் செதிலை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

படர்தாமரையா, வேறு தோல் நோயா என்று சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் எழுதித்தருவது கே.ஓ.எச். பரிசோதனை, அதாவது செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடுவது. செலவு குறைவு, அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடலாம். ஆனால் செதில் எடுப்பதில் கோட்டைவிட்டால் மைக்ரோஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

முதலில், என்ன களிம்பு பூசினார் என்று நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சையைக் கொல்லும் களிம்பு பூசியிருந்தால், நோய் இருந்தும் பூஞ்சை கண்ணில் படாமல் போகலாம்.

கையுறை போட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் இடத்தைத் துடைத்து உலரவிடுங்கள். படர்தாமரை வட்டத்தின் நடுப்பகுதி ஆறியது போல இருக்கும். ஓரம்தான் சிவந்து, மேடாக, செதிலோடு இருக்கும். பூஞ்சை மும்முரமாக வளர்வது அந்த ஓரத்தில். புதியவர்கள் நடுவில் சுரண்டுவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சுரண்டினால் போதும், ரத்தம் வரக்கூடாது. கீழே கறுப்புத் தாள் பிடித்தால் வெள்ளைச் செதில் பளிச்சென்று தெரியும். அந்தத் தாளிலேயே மடித்து வையுங்கள். ஈரமான டப்பாவில் போட்டால் பாக்டீரியா பெருகிவிடும்.

சிலைடில் கொஞ்சம் செதிலை வைத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி, 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். தோலின் கெரட்டின் என்ற புரதம் கரையும், பூஞ்சையின் சுவர் தாக்குப்பிடிக்கும். சூட்டில் லேசாகக் காட்டலாம், கொதித்தால் படிகம் படிந்து எல்லாம் குழம்பும். இது அரிக்கும் திரவம். கையிலும் லென்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 10எக்ஸ் லென்ஸில், கண்டென்சரை (சிலைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்துத் தேடுங்கள். வெளிச்சம் கூடினால் பூஞ்சை இழை மறைந்துவிடும். சந்தேகமான இடத்தை 40எக்ஸில் பாருங்கள். ஒரே தடிமனில், குறுக்குச் சுவர்களோடு, கிளைவிட்டு, செல்களின் எல்லையைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடினால் அது பூஞ்சை. செல்களின் விளிம்பையே சுற்றி வந்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. பஞ்சு இழை ஒன்றைப் பார்த்துவிட்டு நான் ஒருமுறை 'பாசிட்டிவ்' என்று எழுதப்போனேன். தடிமன் ஒரே சீராக இல்லாததைக் கவனித்துப் பேனாவை வைத்தேன்.

சரி, பூஞ்சை தெரிந்துவிட்டது. எந்த மருந்துக்கு அது அடங்கும்? அதை இந்தச் சிலைடு சொல்லாது. இந்தியாவில் இப்போது தொல்லை தருவது டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை; 2020இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து தாக்கவேண்டிய நொதி ஸ்குவாலீன் எபாக்சிடேஸ். அதன் மரபணுவில் ஓர் இடம் மாறினாலே மருந்து ஒட்டாமல் போகிறது. போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

அதனால் எல்லாச் செதிலையும் சிலைடில் கொட்டாதீர்கள். பாதியை சபுரோ அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) போட்டு 25 முதல் 30 டிகிரியில் நான்கு வாரம் வரை வைத்துப் பாருங்கள். மருந்துக்கு நோய் அடங்காத நோயாளி என்றால், வளர்ந்த பூஞ்சையை மருந்து உணர்திறன் சோதனை செய்யும் பெரிய லேபுக்கு அனுப்புங்கள். கூடவே முதலில் குறித்த களிம்புப் பட்டியலையும் வையுங்கள்.