பாதியில் நிற்கிற பிள்ளையைப் பத்தாவது வரை கூட்டிப்போவது எப்படி

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்கம் போதும். தலைவர், செயலாளர், பேனர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 2017 இல் பர்மாவில் எங்கள் மோல்மேன் ஊர்க் கோயில் கூடத்தில், படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளைகளுக்குத் துணைநிற்க ஒரு குழுவை நாங்கள் தொடங்கியபோது தலைவரையும் செயலாளரையும்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம். மூன்று மாதம் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டு வடை தின்றோம். அதற்குள் எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் தையற்கடை வைத்திருப்பவள். வாத்தியார் வேலை பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பத்தாவதையே இரண்டாம் தடவைதான் தேறினேன், முதல் தடவை கணக்கில் போய்விட்டது. புதுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் இன்னும் அது பத்தாவதுதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் நடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வந்தானா, வரவில்லையா, வரவில்லை என்றால் ஏன். மார்க்கை அதில் எழுதவேண்டாம். மார்க் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒரு பையனின் பக்கத்தைச் சொல்கிறேன். புதுக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. ஜூனில் நான்கு நாள், ஜூலையில் ஒன்பது நாள் வரவில்லை. 'ஏன்' என்ற இடத்தில் 'காய்ச்சல்', 'வயிற்றுவலி', 'மாமா வந்தார்' என்று விதவிதமாக எழுதி வைத்திருந்தோம், அவன் சொன்னபடி. ஒரு நாள் கடையில் துணி வெட்டிக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வராத நாள் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் நல்ல மழை. எங்கள் ஊர் மழை தெரியும்தானே, வைகாசியில் ஆரம்பித்தால் சுவரெல்லாம் பாசி பிடிக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவனிடம் பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கி ஒன்றே ஒன்று. நனைந்து வந்தால் அடுப்புக்கு மேலே கயிற்றில் போடுவார்கள். காலையிலும் ஈரமாயிருக்கும், புகை நாற்றம் வேறு. பதினைந்து வயசுப் பையன் அதைக் கட்டிக்கொண்டு எப்படி வகுப்பில் போய் உட்காருவான்? வெளியே சொல்லவும் வெட்கம், அதனால் வயிற்றுவலி. இரண்டாவது லுங்கி தைத்துக் கொடுத்தேன். துணிக்குக் கொடுத்த காசு ஒரு மாத ட்யூஷன் காசில் கால்வாசிகூட இல்லை. ஆகஸ்டில் ஒரே ஒரு நாள்தான் வரவில்லை, அன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே காய்ச்சல்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பார்கள், கொடுக்கிறவருக்கும் அதில்தான் பெருமை. அந்தப் பிள்ளைக்கு எப்படியும் யாராவது கை கொடுப்பார்கள். நீங்கள் தேடவேண்டியது பின்பெஞ்சை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் பால்ஃபான்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் பிலடெல்ஃபியா பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பாதியில் நிற்கப்போகிறவர்களில் பலரை ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். பள்ளிக்கூடம் வருவது குறைதல், நடத்தையில் கெட்ட பெயர், கணக்கிலோ மொழியிலோ தவறுதல், இந்த மூன்றுதான் அடையாளம். அதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் சயாமாக்களும், அதாவது டீச்சர்களும், வாய்விட்டுக் கேட்டால் இதையே சொல்வார்கள். ஆகவே கேளுங்கள். வகுப்புச் சயாமாவிடம் போய் "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிற மூன்று பேர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் பட்டியல் அப்படித்தான் வந்தது. இங்கே நான் பார்த்தவரையில் நடுநிலைப் பள்ளி முடிகிற ஒன்பதாம் வகுப்புதான் சறுக்குமரம். அங்கே பிடிக்காவிட்டால் அடுத்த வகுப்பில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது.

துணைக்கு வருகிறவர் படித்தவராக இருக்கவேண்டியதில்லை. எங்களில் மிகச் சிறந்தவர் தயிர் விற்கிற ஒரு அண்ணன், அவர் படித்தது நாலாவது வரைக்கும். தினம் காலை அதே தெருக்களில்தான் போகிறார். எந்த வீட்டுப் பிள்ளை கிளம்பவில்லை என்பது அவருக்கு ஏழரை மணிக்கே தெரியும். பிள்ளைகள் அவரைத் தயிரண்ணா என்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு அக்காக்களையே போடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். ஒருவருக்கு இரண்டு பிள்ளை, மூன்றாவது கூடாது.

வருகிறவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு வருஷம் இந்த ஊரில் இருப்பீர்களா? 1990 இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, பிள்ளைக்கு ஒரு துணையாளைப் போடுகிற 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்திலும் இதே கணக்குதான். குறைந்தது இரண்டு வருஷம் அதே ஆள், பிள்ளை பள்ளிக்கூடம் மாறினாலும் கூடவே போகவேண்டும். 1904 இல் நியூயார்க்கில் வேர்விட்ட, பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாகச் சேர்க்கிற 'பிக் பிரதர்ஸ்' இயக்கத்தின் பிள்ளைகளைப் பற்றிக் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002 இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஒரு வருஷமும் அதற்கு மேலும் கூட இருந்தவர்களால்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் விட்டுப்போனால் பிள்ளை தன்னையே மட்டமாக நினைக்கத் தொடங்குகிறது. அதாவது அரைகுறையாகச் செய்வதற்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2019 இல் என் பொறுப்பில் ஒரு பையன் இருந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் இரண்டு மாதம் அலைந்தேன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. திரும்பி வந்து கூப்பிட்டபோது, "பரவாயில்லக்கா, எனக்கும் வேலை இருக்கு" என்றான், முகத்தைப் பார்க்காமல். அடுத்த தீபாவளிக்கு அவன் தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருந்தான். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: துணைக்கு இருக்கிறவர் ஊருக்குப் போனாலும் படுக்கையில் விழுந்தாலும் அன்றைக்கே இன்னொருவர் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

இன்னொரு விதி இரண்டு நாள் விதி. பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் விடுங்கள். இரண்டாம் நாளும் வராவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் நில்லுங்கள். ஏன் இரண்டு நாள் என்றால், நான்கைந்து நாள் ஆனபிறகு பிள்ளைக்குப் பாடத்தைவிட வகுப்புக்குள் நுழைகிற அந்த ஒரு நிமிஷம்தான் பயம். எல்லாத் தலையும் திரும்பும், சயாமா ஏதாவது கேட்பார். அந்த நிமிஷத்தைத் தள்ளிப்போட்டே ஒரு மாதம் போய்விடும், அப்புறம் பெயரே போய்விடும். அப்படி ஆகிவிட்டால் காலையில் நீங்களே வாசல்வரை கூட நடந்துபோங்கள், முந்தின நாளே சயாமாவிடம் சொல்லிவையுங்கள். வாசலில் போய் அறிவுரை சொல்லவேண்டாம். "ரெண்டு நாளா காணோமே, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." இது போதும்.

டீக்கடையில் வேலை செய்கிற பிள்ளையென்றால் முதலாளியோடு சண்டைக்குப் போகாதீர்கள். போனால் வேலையும் போகும், வீட்டில் அரிசிக்கும் முட்டும், பிள்ளை உங்கள் முகத்தில் விழிக்காது. எங்கள் பையன் ஒருவன் விடிகாலை நாலரைக்குக் கடை திறக்கப் போவான். எட்டு மணிக்கு விட்டுவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டோம். அவரும் விட்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். மூன்றாவது வாரம் சயாமா சொல்கிறார், அவன் தினம் இரண்டாவது பீரியடில் மேஜையில் தலைவைத்துத் தூங்குகிறானாம். மறுபடி போய்ச் சாயங்கால முறைக்கு மாற்றச் சொன்னோம். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தார். அந்தக் குறையைக் கோயில் பணத்திலிருந்து அவன் அம்மா கையில் அரிசியாகக் கொடுத்தோம். காசாகக் கொடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்யூஷனுக்கென்றால் நேரே ட்யூஷன்காரரிடம் கட்டுங்கள்.

ட்யூஷன்காரர்கள் விஷயம் தனி. பத்தாவதில் ஆறு பாடம், பாடத்துக்கு நூறு, நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆறிலும் சிறப்புத் தேர்ச்சி வாங்கின பிள்ளையின் படத்தைத்தான் அவர்கள் பேனரில் போடுவார்கள், அதனால் கஷ்டமான கணக்குகளிலேயே உயிரை விடுவார்கள். நம் பிள்ளைக்கு வேண்டியது அந்த நாற்பது. சேர்க்கும்போதே "இவனுக்கு நாற்பத்தைந்துக்குச் சொல்லிக்கொடுங்க சயா" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நான் எழுதிய காலத்தில் ஒரு பாடத்தில் போனாலும் ஆறையும் மறுபடி எழுதவேண்டும். அப்படி எழுதினவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வீட்டில் யார் கையில் முடிவு இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அப்பாவைப் பெற்ற அப்பாயிதான். ஒரு பெண்பிள்ளையைச் சடங்கு முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்று போனேன். அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்:

"படிச்சவ எல்லாம் ஆபீசராயிட்டாளா? ஒன்னையே பாரு, பத்தாவது பாஸ் பண்ணிட்டு மெஷின்தானே மிதிக்கிற."

எனக்குப் பதில் வரவில்லை. அப்பாயி சும்மா சொல்லவும் இல்லை. அவர் மகன் எங்கள் செட்டுதான், பத்தாவது தேறினார். 1996 டிசம்பரில் ராணுவ ஆட்சியில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், திறக்க 2000 ஆனது. தேறின பிள்ளை மூன்று வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கப் போனார். பல்கலைக்கழகம் திறந்தபோது அவருக்கு ஒரு குழந்தை. இப்போதும் அதேதானே, 2020 இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடினார்கள், 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த வருஷம் பத்தாவது பரீட்சையே நடக்கவில்லை. 2024 இல் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தபிறகு ஆண்பிள்ளை பெற்றவர்களின் கணக்கு வேறாகிவிட்டது. அந்தக் கணக்கோடு நான் வாதாடுவதில்லை. பெற்றவள் பயத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அப்பாயியிடமும் வாதாடவில்லை. "ரவிக்கை தைக்கணுமா அப்பாயி?" என்று கேட்டு அளவெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். அதற்கடுத்த வாரம் கை இறுக்கமாம், பிரிக்கப் போனேன். நாலாவது வாரம் அவரே, "அந்தப் பரீட்சை எந்த மாசம்டி?" என்றார். மார்ச் என்றேன். "பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றார். அப்புறம் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள்.

காகிதங்களை ஒன்பதாம் வகுப்பிலேயே பாருங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்கிற வீட்டுப் பட்டியல், பிறப்புச் சான்று, அடையாள அட்டை. அட்டையைப் பத்து வயதில் எடுத்து, பதினெட்டில் மாற்றவேண்டும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எந்த வகைக் குடிமகன் என்று காட்டுகிற அட்டையின் நிறம் நம் ஆட்களுக்கு ஒரு தலைவிதி மாதிரி. தாத்தா, பாட்டி காகிதம் வரைக்கும் கேட்பார்கள். அதைவிடச் சின்னதாகத் தெரிகிற தொல்லை பெயர். வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், பிறப்புச் சான்றில் தமிழ்ப் பெயரையே பர்மிய எழுத்தில் யாரோ கேட்டபடி எழுதினது. ஒரு பெண்ணுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தது, ஓர் அலுவலகத்தில் அவளை மூன்று பேராகவே நடத்தினார்கள். சரிசெய்யப் பதினோரு தடவை நடந்தோம். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், பர்மிய எழுத்து நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு. பரீட்சை நெருங்கினபிறகு இதற்கு நேரம் இருக்காது.

கடைசியாக, முடிவு வருகிற நாள். பரீட்சை முடிந்ததோடு நம் வேலை முடிந்தது என்று பலர் போய்விடுகிறார்கள். தேறின பிள்ளைக்கு அன்றைக்கு ஊரே இருக்கும். எண் வராத பிள்ளையோடு நீங்கள் நில்லுங்கள். பலகையில் மேலிருந்து கீழே மூன்று தடவை தேடுவான், நீங்களும் கூடத் தேடுங்கள், முதல் தடவையே தெரிந்துவிட்டாலும். பிறகு மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற ஒரு கடைக்குக் கூட்டிப்போய் உட்காருங்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி அன்றைக்குப் பேச்சே எடுக்காதீர்கள். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய் விட்டு, முதல் வார்த்தையை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். அடி விழுவது அந்த முதல் வார்த்தைக்குத்தான். இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் போய்க் கதவைத் தட்டுங்கள், நோட்டு கையில் இருக்கட்டும்.