ஃபெத்தியேவில் ஒரு வாரம்: நாமே சமைத்துச் சாப்பிட்டு, குறைந்த செலவில் தங்குவது எப்படி?

துருக்கிக் கடற்கரை என்றதும் கையில் பட்டை கட்டிவிட்டு மூன்று வேளையும் பஃபே போடும் ரிசார்ட்டுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த விலை கட்டுப்படியாகாதவர்களுக்கும், வாரம் முழுக்க ஒரே வளாகத்துக்குள் அடைந்து கிடக்க மனமில்லாதவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. சமையலறையோடு சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, சந்தையில் காய் வாங்கி, பாதி வேளை நாமே சமைத்துக்கொள்வதுதான் அது. முதல்முறை இப்படிப் போகிறவர்களுக்காக, தென்மேற்கில் முலா மாகாணத்தில் இருக்கும் ஃபெத்தியே என்ற ஊரை வைத்து விளக்குகிறேன். துருக்கியில் வேறு கடற்கரை ஊருக்குப் போனாலும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

படி 1: மக்கள் வாழும் ஊராகப் பாருங்கள்

செலவு குறையுமா கூடுமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஃபெத்தியேவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒலுதெனிஸ் இருக்கிறது. படங்களில் பார்த்திருப்பீர்கள்: நீலக் காயல், பின்னால் பாபாதா மலை, வானத்தில் பாராகிளைடர்கள். பார்க்க அற்புதமான இடம். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கடைகள். சீசன் முடிந்தால் பாதிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிடும்.

ஃபெத்தியே அப்படியல்ல. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹார்டுவேர் கடை என்று வருடம் முழுக்க ஓடுகிற ஊர். 1957 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி இடிந்து மறுபடி கட்டப்பட்டதால் கட்டடங்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். ‘அழகு போதாது’ என்று சிலர் குறைசொல்வார்கள். தலைக்கு மேலே பாறையில் குடைந்த, பழங்கால லிக்கிய மக்களின் கல்லறைகள், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, நிற்கும்போது அடுக்குமாடி எப்படி இருந்தால் என்ன!

ஊருக்குள் எங்கே தங்குவது? சந்தைக்கும் பேருந்துக்கும் பக்கமாக வேண்டுமானால் ஊர் நடுப்பகுதி. கடல் பக்கத்திலேயே இருக்க வேண்டுமானால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி சாலிஷ். அங்கே கரை முழுக்கக் கூழாங்கல், மதியத்துக்கு மேல் காற்று பலமாக வீசும், மாலையில் சூரியன் கடலில் இறங்குவது தெரியும். துறைமுகத்தை ஒட்டிய கராகோஸ்லர் பகுதியில் காட்சி பிரமாதம், ஆனால் மேட்டுத் தெரு. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றம் ஏற முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். ஊர் நடுவில் குளிக்க நல்ல கடற்கரை கிடையாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இவைதான் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். துருக்கியப் பள்ளிகளுக்கும் விடுமுறை, அதனால் வாடகை உச்சத்தில் இருக்கும். அக்டோபரில் கூட்டம் குறைந்துவிடும், கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

நோன்புப் பெருநாள், பக்ரீத் விடுமுறை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் இவை சுமார் பதினொரு நாள் முன்னால் நகரும். அந்த வாரங்களில் இஸ்தான்புல்லே கடற்கரைக்கு இடம்பெயர்ந்த மாதிரி பேருந்து, வீடு எல்லாம் நிரம்பிவிடும்.

படி 3: விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இ-விசா எல்லாருக்கும் கிடைக்காது. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் (பொது விசா தரும் ஐரோப்பிய நாடுகள்) இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால்தான் இ-விசா. இல்லையென்றால் விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் ஏராளம். முகவரி துருக்கி அரசுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விசா கிடைக்கும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வீட்டையே பதிவு செய்யுங்கள்.

படி 4: வீடு பார்ப்பது

தேடும்போது ‘அபார்ட்’ என்ற சொல்லைப் போடுங்கள். சமையலறையோடு கூடிய சிறு வீடுகளையும், அப்படிப்பட்ட வீடுகள் பல சேர்ந்த சிறு விடுதிகளையும் அங்கே இப்படித்தான் அழைக்கிறார்கள். ‘பன்சியோன்’ என்றால் விருந்தினர் இல்லம். அங்கே பொதுச் சமையலறை இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

2024 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. 100 நாள் வரை சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்குக் கலாசார, சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிப் பலகை வாசலில் மாட்டியிருக்க வேண்டும். விளம்பரத்தில் அனுமதி எண் இல்லையென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வந்ததும் அவர் உங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்பட வேண்டாம். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குப் பதிவு செய்வது அவர் கடமை.

படங்களில் கட்டிலையும் பால்கனியையும் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலர் ஒற்றை மின் அடுப்பையும் கைப்பெட்டி அளவு ஃபிரிட்ஜையும் வைத்துவிட்டு ‘முழு சமையலறை’ என்று போட்டிருப்பார்கள். பதிவு செய்யும் முன் உரிமையாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள், மொழிபெயர்ப்புச் செயலி போதும்:

“வணக்கம். அடுப்பில் எத்தனை பர்னர்? பெரிய பாத்திரம், வாணலி, கத்தி இருக்கிறதா? ஃபிரிட்ஜில் ஃபிரீஸர் உண்டா? துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? மின்கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் வாடகையில் அடக்கமா?”

கடைசிக் கேள்வி முக்கியம். ஏழு இரவுக்கு மொத்தம் எவ்வளவு என்று வாங்கி, இரவுக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். இரவு வாடகை மலிவாகக் காட்டிவிட்டு சுத்தம் செய்யும் கட்டணத்தில் சரிக்கட்டும் வீடுகள் உண்டு.

இன்னொன்று: புக்கிங்.காம் தளத்தில் துருக்கிக்குள் இருந்தபடியே துருக்கி விடுதிகளைப் பதிவு செய்வதை 2017இல் நீதிமன்றம் தடுத்தது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

படி 5: பட்ஜெட் போடுங்கள், ஆனால் லிராவில் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் துருக்கிப் பணமான லிராவில் விலை ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். 2022 அக்டோபரில் அங்கே ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது, 2024 மே மாதத்தில் 75 சதவீதம். போன வருடம் ஒருவர் எழுதிய தக்காளி விலை உங்களுக்கு உதவாது.

அதற்குப் பதில், மிக்ரோஸ் சூப்பர்மார்க்கெட்டின் இணையக் கடையைத் திறந்து வாங்கப்போவதை எல்லாம் கூடையில் போட்டுப் பாருங்கள். அன்றைய விலை தெரிந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு நான் போடும் கூடை: சிவப்புப் பருப்பு 1 கிலோ, புல்குர் என்ற கோதுமை ரவை 1 கிலோ, முட்டை 15, வெள்ளைச் சீஸ் அரை கிலோ, ஆலிவ் கால் கிலோ, தயிர் பெரிய டப்பா ஒன்று, தக்காளி 2 கிலோ, வெங்காயம் 1 கிலோ, வெள்ளரி, பச்சை மிளகாய், எலுமிச்சை, சின்ன எண்ணெய் பாட்டில், சின்ன டீத்தூள் பாக்கெட், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. வந்த தொகையை யூரோவுக்கோ டாலருக்கோ மாற்றி எழுதி, வாடகை, போக்குவரத்து, தினம் ஒரு வேளை வெளிச் சாப்பாடு மூன்றையும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட் தயார். பிம், ஏ101, ஷோக் ஆகிய தள்ளுபடிக் கடைகளில் பருப்பு, பால் மாதிரிச் சாமான்கள் மிக்ரோஸைவிடப் பெரும்பாலும் மலிவு. அதனால் உண்மைச் செலவு கொஞ்சம் குறையவே வாய்ப்பு.

ரொக்கம் எடுக்கும்போது ஏடிஎம் திரையில் இரண்டு விஷயம் கவனியுங்கள். கட்டணம் எவ்வளவு என்று காட்டும், அதிகமானால் ரத்து செய்துவிட்டுப் பக்கத்து வங்கிக்குப் போங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா’ என்று கேட்டால் மறுத்து லிராவையே தேர்ந்தெடுங்கள். இருப்பதிலேயே பெரிய நோட்டு 200 லிராதான் என்பதால் பர்ஸ் தடிமனாகும்.

படி 6: போய்ச் சேருவது

பக்கத்து விமான நிலையம் தலமான். அங்கிருந்து விமான நேரத்தை ஒட்டி ஃபெத்தியேவுக்குப் பேருந்து உண்டு, சுமார் ஒரு மணி நேரம். டாக்சியைவிட மிகவும் மலிவு. இஸ்தான்புல்லில் விமானம் மாறும்போது இறங்குவதும் ஏறுவதும் ஒரே விமான நிலையத்திலா என்று பாருங்கள். ஒன்று ஐரோப்பியப் பக்கம், இன்னொன்றான சபிஹா கோக்சென் ஆசியப் பக்கம். நடுவில் நகரம் முழுவதும் கிடக்கிறது. இஸ்தான்புல்லிலிருந்து இரவுப் பேருந்திலும் வரலாம், பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

முடிந்தால் ஞாயிறோ திங்களோ போய் இறங்குங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 7: செவ்வாய்ச் சந்தை

ஃபெத்தியேவின் பெரிய வாரச்சந்தை செவ்வாய்க்கிழமை, ஊருக்குள் கால்வாயை ஒட்டி நடக்கிறது. சாலிஷில் தங்கினால் அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உண்டு. ஒரு வாரச் சமையலுக்கான காயும் பழமும் இந்த ஒரே நடையில் முடிந்துவிடும்.

முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று வாருங்கள். துணி, போலிப் பிராண்டு பைகள் விற்கும் வரிசைகளில் ஆங்கிலத்தில் கூப்பிடுவார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் காய்கறி. அட்டையில் கிலோ விலை எழுதிக் குத்தி வைத்திருப்பார்கள், அதனால் காய்க்குப் பேரம் பேசும் பழக்கம் அவ்வளவாக இல்லை. பெரிய கடைகளுக்கு நடுவே கிராமத்துப் பெண்கள் நாலு கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்துப் புதினா, ஒழுங்கற்ற வடிவில் தக்காளி, கட்டுக்கட்டாகக் கீரை. நான் அவர்களிடம்தான் முதலில் நிற்பேன். அரைக் கிலோ வேண்டுமென்றால் ‘யாரம் கிலோ’ என்றால் போதும்.

சீஸ் கடையில் கத்தி நுனியில் ஒரு துண்டு வெட்டி நீட்டுவார்கள். கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ‘லோர்’ என்று உதிரியாக, உப்புக் குறைவாக ஒன்று இருக்கும். இருப்பதிலேயே மலிவான வகைகளில் ஒன்று, வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கினால் நம் முட்டைப் பொரியல் போலவே வரும். பசித்தால் அங்கேயே கோஸ்லெமே சாப்பிடலாம். தாழ்வான பலகைக்கு முன் உட்கார்ந்து, மெல்லிய நீளக் குச்சியால் மாவைக் காகிதம் மாதிரி தேய்த்து, கீரையோ சீஸோ வைத்து மடித்துக் கல்லில் போட்டுத் தருவார்கள்.

கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஆனால் நல்ல தக்காளி அதற்குள் போயிருக்கும்.

மீன் வேண்டுமானால் ஊர் நடுவில் மீன் சந்தை இருக்கிறது. நடுவில் மீன் மேடைகள், சுற்றிலும் உணவகங்கள். மீனை எடைபோட்டு வாங்கி உணவகத்தில் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பொரித்தோ சுட்டோ தருவார்கள். கூலியில் என்னென்ன அடக்கம் என்று உட்காரும் முன்பே கேளுங்கள். மீனைச் சுத்தம் செய்து வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனால் செலவு இன்னும் குறையும். ஏப்ரல் நடுவிலிருந்து கோடை முடியும் வரை பெரிய வலைப் படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மேடையில் இருப்பதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்த சுப்ராவும் லெவ்ரெக்கும்தான். ருசிக்குக் குறைவில்லை, ‘கடல் மீன்’ என்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

படி 8: சமையலறையில்

அங்கே எல்லா வேளையும் சமைப்பது வீண் வேலை என்பது என் கட்சி. காலைச் சாப்பாட்டைக் கட்டாயம் வீட்டில் வையுங்கள். கடற்கரை உணவகங்களில் துருக்கியக் காலை உணவு கணிசமாக விலை வைக்கும் சமாச்சாரம். அதில் வருவதோ சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, முட்டை, பேக்கரி ரொட்டி, தேன். எதையும் சமைக்கவே வேண்டியதில்லை, தட்டில் வைத்தால் போதும்.

மதியம் வெளியே சாப்பிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய, படம் போட்ட மெனு உள்ள இடங்களில் அல்ல. உள் தெருக்களில் கடைக்காரர்களும் வேலையாட்களும் சாப்பிடும் ‘எஸ்னாஃப் லொகந்தா’வில். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய தட்டுகளில் பீன்ஸ் குழம்பு, கத்தரிக்காய், கறி, சோறு இருக்கும். விரலால் காட்டினால் எடுத்துவைப்பார்கள். பன்னிரண்டு மணிக்குப் போங்கள். மூன்று மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

இரவுக்குப் பருப்புச் சூப், புல்குர் உப்புமா, தயிர். சிவப்புப் பருப்பு குக்கர் இல்லாமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சீரகம், மஞ்சள், மிளகாய் செதில் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கறிவேப்பிலையும் புளியும் எதிர்பார்க்காதீர்கள். புளிப்புக்கு எலுமிச்சையோ, ‘நார் எக்ஷிஸி’ என்ற மாதுளைச் சாறு பாகோ கைகொடுக்கும். கொஞ்சம் சாம்பார்ப் பொடி, கடுகு எடுத்துப்போவதில் தப்பில்லை. துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் மசாலாவில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அமீரகத்தில் அதற்குத் தடை உண்டு.

வீட்டில் இரண்டு அடுக்குக் கெட்டில் ஒன்று இருக்கும். கீழே தண்ணீர், மேலே டீத்தூள். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் மேலே ஊற்றி, கீழ்ப் பாத்திரத்தின் ஆவியிலேயே பதினைந்து நிமிடம் விட்டால் டிக்காஷன் இறங்கும். டம்ளரில் அதைக் கொஞ்சம் விட்டு வெந்நீரால் விளாவிக் குடிக்க வேண்டும். பால் கிடையாது.

குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குங்கள். உள்ளூர்க்காரர்களே பெரும்பாலும் அதைத்தான் குடிக்கிறார்கள். சமைக்கக் குழாய்த் தண்ணீர் போதும். வெந்நீர் பல வீடுகளில் மொட்டைமாடி சோலாரில் வருகிறது, மேகமூட்டமான நாளில் எல்லாரும் வரிசையாகக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

படி 9: சுற்றுவது

தொல்முஷ் என்ற வேன்கள்தான் ஊரின் ரத்த ஓட்டம். ஒலுதெனிஸ், கயாகோய், சாலிஷ் எல்லாவற்றுக்கும் உண்டு. முன்பக்கக் கண்ணாடியில் ஊர்ப் பெயர் இருக்கும், கையைக் காட்டினால் நிற்கும். பின்னால் உட்கார்ந்தால் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுங்கள், கைமாறி ஓட்டுநரிடம் போய் மீதியும் திரும்பி வரும்.

அதிகச் செலவில்லாத நல்ல நாள் ஒன்று சொல்கிறேன். காலையில் தொல்முஷ்ஷில் கயாகோய் போங்கள். 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தக் காலத்தில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் விட்டுப்போன ஊர், கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள் மலைச்சரிவில் நிற்கின்றன. நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே ஒலுதெனிஸுக்கு அடையாளம் போட்ட நடைபாதை இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம். செருப்பல்ல, நல்ல ஷூ வேண்டும். வழியில் கடை கிடையாது, தண்ணீரும் ரொட்டி, சீஸும் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதும் காயல் பக்கத்துப் பூங்காவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதை ஒட்டிய பெல்ஜெகஸ் கரை இலவசம், தண்ணீரும் அதே நீலம்தான். குடையும் சாய்வு நாற்காலியும் வேண்டுமென்றால் தனி வாடகை. துண்டை விரித்துப் படுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

படி 10: கிளம்பும் முன்

கடைசி இரண்டு நாள் புதிதாக எதுவும் வாங்காமல் ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள். ஆலிவ், சீஸ் எடுத்துவர நினைத்தால் சந்தையிலேயே காற்று நீக்கிப் பொதியச் சொல்லுங்கள், பெட்டியில் கசியாது. மீதியாகும் எண்ணெயையும் உப்பையும் அலமாரியிலேயே விட்டுவிடலாம், நீங்கள் வந்தபோதும் யாரோ விட்டுப்போனது இருந்திருக்கும். விமான நிலையப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே பேருந்து நிலையத்தில் கேட்டு வையுங்கள், சீசன் இல்லாத மாதங்களில் நேரம் மாறும்.