கழுவிவிட்டு நறுக்குங்கள்

நாய், பூனை, ஆடு எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் கல்லீரலிலேயே குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான கடைசிக் கட்டத்தை நடத்தும் நொதி (வேதிவினையைத் தூண்டும் புரதம்) மனிதர்களிடம் வேலை செய்வதில்லை. உணவுதான் நமக்கு ஒரே வழி, அதை வீணாக்கலாமா?

நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். செல்கள் உடைந்ததும் நொதியும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பாவது தள்ளிப்போகிறது. சாற்றின் புளிப்பு நொதியை மந்தப்படுத்துகிறது. சாற்றிலுள்ள வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து, தானே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. நம் செல்களையும் இந்த ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) இப்படித்தான் காக்கிறது, எவ்வளவு அருமையான ஏற்பாடு!

வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் சிதையும். எனவே காய்களைக் கழுவிய பிறகே நறுக்குங்கள். உடனே, குறைந்த நீரில், மூடிபோட்டுச் சீக்கிரம் வேகவையுங்கள். வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்துவிடுங்கள்.