மூளைத் தமனிகளும் பாடநூல் படமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் அடியில் தமனிகள் இணைந்து வளையமாக அமைந்திருப்பதை 1664-இல் தாமஸ் வில்லிஸ் விரிவாக விளக்கினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த வில்லிஸ் வளையத்தைக் குறையில்லாமல் வரைந்தே மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் எல்லாக் கிளைகளும் உரிய பருமனில் அமைந்த முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட இல்லை என்றே பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மறப்பதுதான் முதல் தவறு. மற்றவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

"வலது வெர்டிப்ரல் தமனி மெலிந்திருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கையில் கண்டதும் பலர் பதறிவிடுகிறார்கள். கழுத்தெலும்புத் துளைகளின் வழியே ஏறும் இவ்விரு தமனிகளும் பலருக்குச் சமமாக இருப்பதில்லை; பெரும்பாலும் இடதுதான் பருத்திருக்கும். பிறவியிலேயே மெலிந்த தமனி என்றால், அது நுழையும் எலும்புத் துளையும் பொதுவாகச் சிறுத்திருக்கும். துளை அகலமாக இருந்தும் தமனி மெலிந்திருந்தால், அடைப்போ சுவர்க் கிழிசலோ இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். சாயம் செலுத்தாமல் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவில் (ரத்தநாளங்களைக் காட்டும் ஸ்கேன்) ரத்தம் மெதுவாக ஓடும் தமனி, இல்லாததுபோலவே தோன்றலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. கருவில் மூளையின் பின்பகுதிக்கு, கழுத்தின் முன்பக்கமாக ஏறும் கரோடிட் தமனியே ரத்தம் தருகிறது. பின்னர் அந்தப் பொறுப்பு, வெர்டிப்ரல் தமனிகள் இரண்டும் சேர்ந்து உருவாகும் பேசிலர் தமனிக்கு மாறுகிறது. சிலருக்கு மாறுவதே இல்லை. அவர்களுடைய கரோடிட்டிலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி, பார்வைக்குரிய பிடரி மடலைத் தாக்க முடியும். அங்கே பக்கவாதம் என்றால் வெர்டிப்ரல், பேசிலர் தமனிகளை மட்டும் ஆராய்ந்து நிறுத்திக்கொள்வது பெரும் பிழை. சிகிச்சையால் சீராக்கக்கூடிய கரோடிட் அடைப்பு கண்ணில் படாமலே போய்விடும். அடுத்த தாக்குதல் இன்னும் பெரிதாக வரலாம்.

"பிறவி அமைப்புதானே" என்று எல்லாவற்றையும் ஒதுக்குவதும் சரியல்ல. முன்மூளைத் தமனியின் தொடக்கப் பகுதி ஒரு பக்கம் மெலிந்திருந்தால், மறுபக்கத் தமனியே இரு பக்கத்துக்கும் ரத்தம் தரும். அந்தச் சுமையைத் தாங்கும், இரு பக்கத்து முன்மூளைத் தமனிகளையும் இணைக்கும் ‘முன் இணைப்புத் தமனி’யில் ரத்தநாளப் புடைப்பு உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

பெர்ஷெரான் தமனி அரிதானது. மூளையின் நடுவே இருந்து விழிப்புநிலையைக் காக்க உதவும் இரு தலாமஸ்களுக்கும் ஒரே தண்டிலிருந்து ரத்தம் போகும் அமைப்பு அது. அடைபட்டால் கை கால் இழுக்காமலே நோயாளி நினைவு மங்கிக் கிடக்கலாம், முதல் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். நஞ்சோ தூக்க மாத்திரையோ என்று தேடுவதிலேயே பொன்னான நேரம் கழிந்துவிடும். காரணம் புரியாத திடீர் மயக்கத்தில், சி.டி.யோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ.யும் ஆஞ்சியோவும் எடுத்துப் பார்க்க வேண்டும்.