தண்டர்போல்ட் மானிட்டரை அசெம்பிள் செய்த கணினியுடன் இணைக்கும் முறை

மேக் கணினிக்காக வாங்கிய 27 அங்குல 5கே மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மேக்கை விற்றாயிற்று, அல்லது வேலை மாறியபோது அலுவலகத்திடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது சென்னை ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கணினி ஒன்று வந்திருக்கிறது. மானிட்டரைத் திருப்பிப் பார்த்தால் எச்டிஎம்ஐ போர்ட்டும் இல்லை, டிஸ்ப்ளேபோர்ட்டும் இல்லை, ஆன் செய்ய ஒரு பொத்தான்கூட இல்லை. யுஎஸ்பி-சி வடிவத்தில் நான்கு போர்ட்டுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் தண்டர்போல்ட், அதாவது படத்தையும் தரவையும் ஒரே கேபிளில் வேகமாகக் கொண்டுசெல்லும் இணைப்பு. கடையில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "டைப்-சி தானே சார், எந்தக் கேபிள் போட்டாலும் வரும்" என்பது. வரவில்லை.

வராததற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மடிக்கணினியில் கிராபிக்ஸ் சிப்பின் படத்தைத் தண்டர்போல்ட் சிப்புக்குக் கொண்டுசெல்லும் வழியைத் தயாரிப்பாளரே உள்ளுக்குள் போட்டு வைத்திருப்பார். அசெம்பிள் செய்த கணினியிலோ கிராபிக்ஸ் கார்டு தனி, தண்டர்போல்ட் சிப் தனி. கார்டின் படம் கார்டிலுள்ள போர்ட்டுகளின் வழியாக மட்டுமே வெளியே வரும். ஆகவே மதர்போர்டில் தண்டர்போல்ட் போர்ட் இருப்பது, சமையலறையில் புதுக் குழாய் பொருத்தியிருப்பதைப் போன்றது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அந்தக் குழாய்க்கு ஒரு லைன் இழுத்தால்தான் தண்ணீர் வரும். அந்த லைனுக்காகவே தண்டர்போல்ட் கார்டுகளிலும் சில மதர்போர்டுகளிலும் 'டிபி இன்' (டிஸ்ப்ளேபோர்ட் இன்) என்று அச்சிட்ட ஓர் உள்ளீட்டு போர்ட் வைத்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் வெளியே வந்து, ஒரு சாண் தள்ளியிருக்கும் டிபி இன்னுக்குள் மறுபடியும் நுழையும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் படம் செல்லும் வழி அதுதான்.

எதையும் வாங்கும் முன் மானிட்டரின் பின்புற லேபிளைப் படியுங்கள், ஏனென்றால் ஒரே போல் தோன்றும் மானிட்டர்கள் உள்ளே வேறு வேறு விதமாக இயங்குகின்றன. எல்ஜியின் 'அல்ட்ராஃபைன் 5கே' 2016இல் அறிமுகமானது. லேபிளில் 27எம்டி5கேஏ என்றிருந்தால் அந்த முதல் பதிப்பு. அது தண்டர்போல்ட் 3 இணைப்புக்காகச் செய்யப்பட்டது. 27எம்டி5கேஎல் என்றிருந்தால் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. அது சாதாரண யுஎஸ்பி-சி படத்தையும் ஏற்கும், ஆனால் அவ்வழியில் 4கே தெளிவு மட்டுமே கிடைக்கும். 2022இல் வந்த ஆப்பிள் ஸ்டுடியோ டிஸ்ப்ளேயும் 5கேதான் என்றாலும், சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி என்ற முறையைப் புரிந்துகொள்வதால், புதிய கிராபிக்ஸ் கார்டுகளிலிருந்து ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டத்தில் (ஸ்ட்ரீம்) முழுப் படத்தையும் பெற்றுவிடும். 2011இல் வந்த பழைய ஆப்பிள் தண்டர்போல்ட் டிஸ்ப்ளே பலரை ஏமாற்றுவது. அதன் கேபிள் முனை மினி டிஸ்ப்ளேபோர்ட் போலவே இருக்கும், கிராபிக்ஸ் கார்டில் அழகாகப் பொருந்தியும் கொள்ளும், ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் படத்தை அது ஏற்காது. அதற்கும் தண்டர்போல்ட் கார்டு வேண்டும். தண்டர்போல்ட் 3ஐ 2ஆக மாற்றும் அடாப்டரும் வேண்டும்.

இவற்றில் அதிகம் சிரமப்படுத்துவது அல்ட்ராஃபைன் 5கே. 5120க்கு 2880 என்றால் ஏறத்தாழ ஒரு கோடியே 47 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 83 லட்சம்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் 30 பிட் நிறம் கொடுத்து, நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் நொடிக்கு 26.5 ஜிகாபிட் தேவைப்படுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ஓட்டம் ஒன்று உண்மையில் சுமக்கக்கூடியது 17.28 ஜிகாபிட். ஒன்று போதாது என்பதால், இந்த மானிட்டர் திரையை இடப்பாதி, வலப்பாதி என்று பிரித்து, இரண்டு ஓட்டங்களாகப் படத்தைக் கேட்கிறது. தண்டர்போல்ட் 3 கேபிளின் 40 ஜிகாபிட்டுக்குள் இரண்டும் அடங்கிவிடும். அப்படியானால் உங்கள் தண்டர்போல்ட் கார்டில் டிபி இன் இரண்டு இருக்க வேண்டும். இரண்டிலும் கேபிள் இருக்க வேண்டும். இரண்டு கேபிள்களும் ஒரே கிராபிக்ஸ் கார்டிலிருந்து வர வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது சொந்த அவசரத்தால். கார்டுடன் வந்த இரண்டு குட்டிக் கேபிள்களில் ஒன்றை உபரி என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் செருகினேன். படம் வந்தது, மகிழ்ச்சியில் இரண்டு நாள் அப்படியே வேலையும் செய்தேன். ஆனால் தமிழ் எழுத்துகளில் ஏதோ ஒரு மங்கல் தெரிந்துகொண்டே இருந்தது. 'க்' என்ற எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வட்டமாகக் கறுப்பாக நிற்க வேண்டிய புள்ளி, ஓரமெல்லாம் சாம்பல் பூசிய கறையாக இருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் 3840க்கு 2160 என்றிருந்தது. ஓர் ஓட்டம் மட்டும் வந்தால் மானிட்டர் புகார் சொல்வதில்லை. 4கேவாக இறங்கி, அதையே இழுத்து நிரப்பிவிடுகிறது. உபரிக் கேபிளை எடுத்துச் செருகியதும் திரை ஒருமுறை இருண்டு, 5120க்கு 2880 என்று வந்து நின்றது.

இனி எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். அல்ட்ராஃபைன் 5கேக்கு என் தேர்வு, இரண்டு டிபி இன் கொண்ட தனித் தண்டர்போல்ட் கார்டு. கிகாபைட்டின் 'டைட்டன் ரிட்ஜ்', ஏசஸின் 'தண்டர்போல்ட்இஎக்ஸ் 4' ஆகிய இரண்டிலும் மினி டிஸ்ப்ளேபோர்ட் வடிவில் அப்படி இரண்டு உள்ளீடுகள் உண்டு. ஆனால் இந்தக் கார்டுகள் எல்லா மதர்போர்டுகளிலும் வேலை செய்யும் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. ஸ்லாட்டில் செருகுவதோடு, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் தண்டர்போல்ட்டுக்கென்று இருக்கும் சிறிய ஹெட்டர் (கேபிள் மாட்டும் பின் வரிசை) ஒன்றுடனும் கார்டை இணைத்தாக வேண்டும். அந்த ஹெட்டரின் பின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலவற்றில் ஐந்து பின்கள், வேறு சிலவற்றில் அதைவிட மிகப் பெரிய தொகுதி. மதர்போர்டும் கார்டும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருப்பதும், அந்த மதர்போர்டின் பெயர் கார்டு நிறுவனத்தின் பொருந்தும் பட்டியலில் இருப்பதும் நல்லது. ஹெட்டர் இல்லாத போர்டில் பின்களைக் கம்பியால் இணைத்து ஓட்டும் கைவைத்தியங்களும் புழக்கத்தில் உள்ளன. பிழைப்புக்கான கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

தண்டர்போல்ட் போர்ட்டோடு வரும் விலையுயர்ந்த மதர்போர்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், பின்பலகையில் டிபி இன் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் இருப்பது வழக்கம். ஸ்டுடியோ டிஸ்ப்ளேக்கு அது போதும், அல்ட்ராஃபைனின் முழுத் தெளிவுக்குப் போதாது. 2024இல் வந்த ஏஎம்டி எக்ஸ்870 வகை போர்டுகளில் யுஎஸ்பி4 போர்ட் கட்டாயமாக உண்டு. ஆனால் டிபி இன் இல்லாத போர்டில் அந்த போர்ட்டுக்கு வருவது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸின் படமே ஒழிய, நீங்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கிய கார்டின் படம் அல்ல. மேலும், யுஎஸ்பி4 என்று எழுதியிருந்தாலே தண்டர்போல்ட் 3 மானிட்டர் இயங்கும் என்ற உறுதியும் இல்லை. அந்த இணக்கம் யுஎஸ்பி4 கணினிகளுக்குக் கட்டாயமாக்கப்படாதது. போர்டின் விவரக்குறிப்பில் தண்டர்போல்ட் என்ற சொல்லையே தேடிப் பாருங்கள்.

பொருத்தும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்தில் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண மானிட்டரோ, வரவேற்பறை டிவியோ ஒன்று அவசியம் இருக்கட்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரை தண்டர்போல்ட் வழியாகத் தோன்றாமல் போகலாம், முதல் நாளில் அதை நம்பி உட்காரக் கூடாது. கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, ஏசி அறையாக இருந்தால் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். தண்டர்போல்ட் கார்டு நான்கு வழிப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்பதைக் கையேடு குறிப்பிட்டுச் சொல்லும், பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே, சிப்செட்டுடன் இணைந்த ஸ்லாட். அதன்பின் தண்டர்போல்ட் ஹெட்டர் கேபிளையும், யுஎஸ்பி 2.0 ஹெட்டர் கேபிளையும் மாட்டுங்கள். பின்னது மானிட்டருக்காக அல்ல. அதே போர்ட்டில் பிற்பாடு பழைய யுஎஸ்பி கருவி எதையாவது செருகினால் அது இயங்குவதற்காக. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து, கார்டுக்கு ஆறு பின் மின்னிணைப்பு கேட்டிருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். மானிட்டருக்குத் தனி மின்சாரம் இருக்கிறது. அது மடிக்கணினிக்காகத் தரும் 85 அல்லது 94 வாட் சார்ஜ் நம் மேசைக் கணினிக்கு எந்த உபயோகமும் இல்லாதது. கேபினெட்டை மூடிய பிறகு, பின்புறத்தில் கிராபிக்ஸ் கார்டின் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டுகளிலிருந்து தண்டர்போல்ட் கார்டின் இரண்டு டிபி இன்னுக்கும் கேபிள்களைப் போடுங்கள். கார்டில் தண்டர்போல்ட் போர்ட்டுகள் இரண்டு இருந்தால் முதல் எண்ணிட்டதில் மானிட்டரைச் செருகுவது என் வழக்கம்.

பயாஸில் தண்டர்போல்ட்டை 'எனேபிள்' செய்த பிறகு, பாதுகாப்பு நிலை என்ற ஒரு தேர்வு இருக்கும். பழைய போர்டுகளில் 'நோ செக்யூரிட்டி', 'யூசர் ஆதரைசேஷன்', 'டிஸ்ப்ளேபோர்ட் ஒன்லி' என்ற மாதிரியான பெயர்களில் அது தென்படும். கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தால் படம் மட்டும் வரும். மானிட்டரின் கேமரா, ஸ்பீக்கர், யுஎஸ்பி போர்ட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரையின் வெளிச்சக் கட்டுப்பாடு, எதுவும் வராது. தண்டர்போல்ட் கருவிகள் கணினியின் நினைவகத்தை நேரடியாகத் தொடக்கூடியவை என்பதால் பாதுகாப்பை முழுக்க எடுத்துவிடவும் மனம் வராது. ஆகவே நடுவிலுள்ள யூசர் ஆதரைசேஷனே என் பரிந்துரை.

விண்டோஸில் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து தண்டர்போல்ட் டிரைவரை நிறுவி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் 'தண்டர்போல்ட் கன்ட்ரோல் சென்டர்' செயலியைத் திறந்தால், மானிட்டரை அனுமதிக்கலாமா என்று கேட்கும். எப்போதும் அனுமதி என்று சொல்லிவிடுங்கள். லினக்ஸில் 'போல்ட்' என்ற நிரல் இதே வேலையைச் செய்கிறது. அல்ட்ராஃபைனில் பொத்தானே கிடையாது என்பதால், வெளிச்சத்தை மாற்ற எல்ஜியின் மென்பொருளோ, இதற்கென்று பயனர்கள் எழுதி இலவசமாக வெளியிட்டிருக்கும் சிறு நிரல்களோ தேவைப்படும். ஸ்டுடியோ டிஸ்ப்ளேயின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு மேக் வழியாக மட்டுமே நடக்கும். மேக் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாக, ஸ்கேல் அளவை 200 சதவீதம் என்று வையுங்கள். எழுத்து 27 அங்குலத்தில் படிக்க வசதியான அளவுக்கு வரும்; ஒவ்வொரு புள்ளியும் சரியாக நான்காக விரிவதால் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். 175 அல்லது 150 வைத்தால் இடம் கூடும், சில பழைய செயலிகளில் மங்கல் எட்டிப்பார்க்கும்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கைபேசி சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேல் தாங்காத யுஎஸ்பி 2.0 வகை, முனை ஒன்றுதான், உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. முனையில் மின்னல் குறியும் 3 அல்லது 4 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மானிட்டருடன் வந்த கேபிள் தொலையாமல் இருந்தால் அதுவே சிறந்தது. சிக்னலை வலுப்படுத்தும் மின்னணுச் சுற்று இல்லாத சாதாரண தண்டர்போல்ட் 3 கேபிள் 40 ஜிகாபிட்டில் இயங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவான நீளத்தில்தான். கணினியை மேசைக்குக் கீழே தள்ளிவைக்க இரண்டு மீட்டர் வேண்டுமானால் 'ஆக்டிவ்' என்று குறிப்பிட்ட, விலை கூடிய வகையை வாங்க வேண்டியிருக்கும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேபினெட்டைப் புறங்கையால் தொடும்போது எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்றால், அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றிப் பெட்டியில் நிற்கிறது. அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகினால், கசிவு இறங்குவதற்கு அந்த நுண்ணிய கம்பிகளே வழியாகிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். கணினியும் மானிட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே பலகையில் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த அல்ட்ராஃபைனாக இருந்தால் அது 230 வோல்ட்டைத் தானே ஏற்கும். தட்டைப் பின்னுக்கு எர்த் இல்லாத அடாப்டர் மாட்டாமல், மின்கம்பியையே நம்மூர் மூன்று பின் கம்பியாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதும், கணினி உறக்கத்திலிருந்து எழும்போதோ, கரண்ட் போய் வந்த பிறகோ, சில சமயம் திரையில் பாதி மட்டும் வரும், அல்லது 4கேவாக இறங்கியிருக்கும். டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவதற்கு முன், தண்டர்போல்ட் கேபிளைக் கழற்றிப் பத்து விநாடி பொறுத்துச் செருகிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மானிட்டரின் மின்சாரத்தையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பிறகும் பாதிதான் என்றால், பின்புறக் குட்டிக் கேபிள்களில் ஒன்று தளர்ந்திருக்கும்; மினி டிஸ்ப்ளேபோர்ட் முனைக்குப் பூட்டு கிடையாது, பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே நகர்ந்துவிடும். அந்த இரண்டு கேபிள்களின் முனைகளிலும் 1, 2 என்று எழுதி டேப் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை தூசு தட்டுவதற்காகக் கணினியை வெளியே இழுக்கும் நாளில், எது எங்கிருந்து எங்கே போனது என்று தரையில் குனிந்து டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்காது.